சிங்கப்பூரில் இருந்தபடி பேஸ்பால் வர்ணனை கேட்பது எப்படி

எனக்கு வேலை உட்லண்ட்ஸில், சிப் தயாரிக்கும் ஆலையில், 12 மணி நேர ஷிஃப்ட். இரவு வேலை வாரங்களில் காலை 7 மணிக்குமேல் உடை மாற்றி வெளியே வந்து, லாக்கரில் இருந்து ஃபோனை எடுத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டுவேன். அந்த நேரம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முந்தைய நாள் இரவு 7 மணி தாண்டியிருக்கும், ஏதாவது ஒரு மைதானத்தில் முதல் பந்து போயிருக்கும். பிகேஇ விரைவுச்சாலை நெரிசலில் பஸ் ஊர்ந்து ஜூரோங் வெஸ்ட் வந்து சேர்வதற்குள் இரண்டு இன்னிங், சில நாள் மூன்று இன்னிங் முடிந்துவிடும் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு முறை அடிக்கும்). பக்கத்து சீட்டில் உட்காரும் தம்பி, திருச்சிக்காரர், ஒரு நாள் கேட்டார்: "அண்ணே, தினமும் என்னதான் கேக்குறீங்க?" சொன்னேன். "எனக்கும் கேக்கணும்ணே, எங்க ஆரம்பிக்கிறது?" என்றார். அவருக்குப் பஸ்ஸில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், வீடியோ இருக்கும்போது எதற்கு வானொலி என்று கேட்பவர்களுக்கு. பேஸ்பாலில் ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் நடக்கும். பிட்சர் எறிவார், அடிப்பவர் அடிப்பார் அல்லது விடுவார், பிறகு சில விநாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு மனிதர் மைதானத்தை நமக்கு எடுத்துச் சொல்ல நேரம் கிடைக்கிறது, ஃபுட்பாலில் அது கிடைக்காது. 1921 ஆகஸ்ட் 5ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையத்துக்காக ஹெரால்ட் ஆர்லின் என்பவர் பைரேட்ஸ், ஃபிலீஸ் ஆட்டத்தை வர்ணித்ததுதான் பெரிய லீக் ஆட்டத்தின் முதல் ஒலிபரப்பு. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் முறை பெரிதாக மாறவில்லை. பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம், பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம், ஆட்டம் பாட்டுக்குக் காதுக்குள் ஓடும். ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, எந்த அணி? இங்கேதான் எல்லோரும் தவறாகத் தொடங்குகிறார்கள். யார் ஜெயிக்கிற அணி, யாரிடம் பெரிய ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தேடுவார்கள். நான் சொல்வது, அணியைத் தேடாதீர்கள், குரலைத் தேடுங்கள். ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் அதே இரண்டு மூன்று பேர்தான் உங்கள் காதில் பேசப்போகிறார்கள். அந்தக் குரல் பிடிக்கவில்லை என்றால் அணி கோப்பை வாங்கினாலும் கேட்க முடியாது. ஒரு வாரம் ஒதுக்கி, தினமும் ஒரு அணியின் ஒலிபரப்பில் இரண்டு இன்னிங் மட்டும் கேட்டுப் பாருங்கள். யார் பேசும்போது மைதானம் கண்முன் வருகிறதோ, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் ஜான் மில்லர். 1997இல் இருந்து அந்த அணியின் குரல், 2010இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருது வாங்கியவர். ஒரு பந்து காற்றில் போகும்போது அவர் குரல் மெல்ல ஏறி, பிடித்ததும் கீழே இறங்குவதைக் கேட்டால், கண்ணால் பார்த்ததுபோலவே இருக்கும். அவருடன் டேவ் ஃபிளெமிங்கும் நீண்ட காலமாக இருக்கிறார், அவர் பேச்சு இன்னும் தெளிவு, புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏற்றது.

குரலோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் நியூயார்க், பாஸ்டன் பக்கம் நமக்கு 12 மணி நேரம் பின்னால், காலை மாலையை மாற்றிச் சொன்னால் போதும். சிகாகோ, செயின்ட் லூயிஸ் என்றால் 13, டென்வர் 14, கலிஃபோர்னியா, சியாட்டில் 15. சீசன் முழுவதும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் நடுவிலும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையும்தான். இதை வைத்து உங்கள் நாளுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். காலையில் வேலைக்கு ரயிலில் போகிறவருக்குக் கிழக்குக் கரை அணி நல்லது, 7 மணி வாக்கில் தொடங்கும். இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கும், வீட்டில் இருந்து சமைப்பவர்களுக்கும் மேற்குக் கரை அணி. ஜயன்ட்ஸ் சொந்த ஊரில் இரவு ஆட்டம் ஆடினால் பெரும்பாலும் நமக்குக் காலை 9.45, அவர்களுடைய வெள்ளி இரவு ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை காலை 10.15 வாக்கில். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில்தான் தொடங்கச் சொல்வேன். தேக்கா சந்தைக்குப் போய்விட்டு வந்து, மீன் கழுவி, குழம்பு வைத்து இறக்குவதற்குள் ஆட்டம் முடியும் நிலைக்கு வந்திருக்கும். அங்கே பகல் ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை 4 மணி, அதற்காக விழித்திருக்க வேண்டாம், வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி ஃபோன். அமெரிக்க நிலையங்களின் அலை இங்கே வந்து விழாது. ஜயன்ட்ஸ் ஆட்டம் கேஎன்பிஆர் 680 என்ற மத்திய அலை நிலையத்தில் போகிறது, 50,000 வாட். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி அந்த அலை மாநிலங்கள் தாண்டிக் கேட்கும், ஆனால் பசிஃபிக்கைத் தாண்டிச் சிங்கப்பூர் வரை எதிர்பார்க்க முடியாது. சரி, அந்த நிலையத்தின் சொந்த இணைய ஒலிபரப்பைப் போடலாமே என்றால், அமெரிக்காவுக்கு வெளியே ஆட்ட நேரத்தில் அது மூடியிருக்கும் அல்லது வேறு பேச்சு ஓடும், உரிமை லீக்கிடம் இருப்பதால். அதனால் நேர் வழி ஒன்றுதான்: எம்எல்பி, அதாவது அந்தப் பெரிய லீக்கின் சொந்தச் செயலியை இறக்கி, அதில் ஒலிக்கு மட்டுமான சந்தாவை எடுப்பது. வீடியோ சந்தாவை விட மிகவும் குறைவு, அதில் 30 அணிகளின் வானொலியும் வந்துவிடும். வீடியோ சந்தா ஏற்கெனவே இருந்தால் ஒலி அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கட்ட வேண்டாம். வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாதவர்கள் அதை அமைப்பில் நிறுத்தி வையுங்கள்.

ஆட்டத்தைத் தொட்டதும் ஒலி என்ற இடத்தில் இரண்டு நிலையம் காட்டும், சொந்த ஊர் அணியுடையது ஒன்று, விருந்தாளி அணியுடையது ஒன்று. தவறிப்போய் எதிரணி நிலையத்தைத் தொட்டுவிட்டு, "என்ன இது, நம்ம ஆள் அடிச்சதுக்கு இவர் இப்படிச் சோர்ந்துபோறாரு" என்று யோசித்தவர்கள் உண்டு, தொடங்குமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். 128 கிலோபிட் வேகத்தில் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிக்குள்தான், முழு ஆட்டமும் 200 எம்பியைத் தாண்டாது. அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் பஸ்ஸில் கேட்பவர்களுக்குப் பெரிய விஷயம்: ஒரு காதில் மட்டும் மாட்டுவதாக இருந்தால் ஃபோன் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் மோனோ ஒலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தின் சத்தம் பாதி மறு காதில் போய்விடும். மறு காது திறந்திருக்கட்டும், இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிடாமல் இருக்க.

செயலியில் பந்துக்குப் பந்து விவரம் எழுத்தில் ஓடும் பக்கம் ஒன்று இருக்கிறது. கேட்கும்போது அதைத் திறக்காதீர்கள். ஒலி கொஞ்சம் தாமதமாகத்தான் நம்மிடம் வரும், எழுத்து முந்திக்கொள்ளும். வர்ணனையாளர் இன்னும் "எறியத் தயாராகிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் ஹோம் ரன் (பந்து சுவரைத் தாண்டிப் போவது) என்று வந்துவிட்டால் அதற்கப்புறம் கேட்பதில் என்ன இருக்கிறது. அதேபோல ஸ்கோர் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது கேட்கத் தொடங்கலாம். முதல் நாள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் காதால் பிடியுங்கள், அதற்குப் பெயர் கவுண்ட். "டூ அண்ட் ஒன்" என்று இரண்டு எண் சொல்வார்கள். முதல் எண் பால், அதாவது எல்லைக்கு (அடிப்பவரின் மார்பில் இருந்து முழங்கால் வரையான கற்பனைக் கட்டம்) வெளியே போய், அடிப்பவரும் மட்டையை வீசாத பந்து. இரண்டாவது எண் ஸ்டிரைக், அதாவது வீசித் தவறவிட்டது, அல்லது எல்லைக்குள் வந்தும் வீசாமல் விட்டது. நான்கு பால் ஆனால் அடிப்பவர் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்து போவார், மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். வெளிப்பக்கம் தட்டிவிடும் ஃபவுல் பந்து இரண்டு ஸ்டிரைக் வரைதான் ஸ்டிரைக்காகக் கணக்கு, அதற்கு மேல் எத்தனை தட்டினாலும் கவுண்ட் அப்படியே நிற்கும். "ஓ அண்ட் டூ" என்றால் அடிப்பவர் மாட்டிக்கொண்டார், பிட்சர் இனி ஆசை காட்டி வெளியே ஒன்று போடுவார். "த்ரீ அண்ட் ஒன்" என்றால் பிட்சருக்கு நெருக்கடி, எல்லைக்குள் போட்டே ஆக வேண்டும், அடிப்பவர் அதற்காகக் காத்திருக்கிறார். "த்ரீ அண்ட் டூ" வந்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் தீயைக் குறைத்துவிட்டு நில்லுங்கள். இந்த இரண்டு எண்ணும் மாற மாற வர்ணனையாளர் குரலும் மாறுவதைக் கவனியுங்கள், ஒரு வாரத்தில் எண்ணைக் கேட்காமலே குரலை வைத்துச் சொல்லிவிடலாம்.

நம்மில் பலருக்குக் கிரிக்கெட் தெரியும், அது உதவியும் செய்யும், குழப்பியும் விடும். குழப்பும் சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பிட்ச்" என்றால் தரை கிடையாது, எறிந்த பந்து. "சிங்கிள்" என்றால் ஒரு ஓட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அடித்துவிட்டு முதல் தளத்தில் நிற்கிறார் என்றுதான் பொருள், "டபுள்" என்றால் இரண்டாம் தளத்தில். சுற்றி வந்து, அடிப்பவர் நிற்கும் வீட்டுத் தளத்தைத் தொட்டால்தான் ஒரு ரன். "வாக்" என்றால் அவுட் என்று ஒப்புக்கொண்டு வெளியேறுவதில்லை, நேர் எதிர், அதுதான் அந்த நான்கு பால் வரவு. "காட் லுக்கிங்" என்று கேட்டதும் யாரோ கேட்ச் பிடித்ததாக எண்ணிக்கொள்வோம், அது மட்டையை அசைக்காமல் மூன்றாவது ஸ்டிரைக்கைப் பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனது. "டூ டவுன்" என்றால் இரண்டு பேர் அவுட், நான்காவது ஆள் இறங்கும் வரிசை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். "கேன் ஆஃப் கார்ன்" என்பது நிதானமாக வந்து கையில் விழும் உயரப் பந்து. வேகத்தை மைலில் சொல்வார்கள், 1.6ஆல் பெருக்குங்கள்: 95 என்றால் சுமார் 152 கிலோமீட்டர். பிட்சர் நிற்கும் மேட்டில் இருந்து வீட்டுத் தளம் 18.44 மீட்டர்தான், கிரிக்கெட் பிட்சை விடக் குறைவு, பந்தும் தரையில் பட்டு வருவதில்லை. அதனால் அடிப்பவருக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு.

அடுத்தது மைதானம். ஒரு தாளில் வைர வடிவம் வரைந்து, நீங்கள் வீட்டுத் தளத்துக்குப் பின்னால், எறிந்த பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் முதல் தளம், எதிரே இரண்டாம் தளம், இடப்பக்கம் மூன்றாம் தளம். வர்ணனையில் இடம் வலம் எல்லாம் இந்த இருக்கையில் இருந்துதான். உங்கள் அணியின் சொந்த மைதானத்தை மட்டும் அளவோடு தெரிந்துகொண்டால் போதும். பேஸ்பாலில் ஒவ்வொரு மைதானமும் ஒரு வடிவம், அதுதான் அழகே. பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 11 மீட்டர் உயரம், சிகாகோ ரிக்லி ஃபீல்டில் செங்கல் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். ஜயன்ட்ஸின் ஆரக்கிள் பார்க்கில் வலப்பக்க மூலை 309 அடிதான், கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் சுவர் 24 அடி உயரம், அந்த அணியின் மாபெரும் ஆட்டக்காரர் வில்லி மேஸின் சட்டை எண் 24 என்பதற்காக. அந்தச் சுவருக்குப் பின்னால் கடல். அதைத் தாண்டிப் போகும் பந்து தண்ணீரில் விழும், சிறு படகுகளில் ஆட்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். அந்தச் சுவர் அப்படியே நடுப்பக்கம் போகும்போது 415 அடிக்கு விலகிவிடும், அங்கே போய் விழும் பந்துக்கு ஓடுகிறவர் மூன்று தளம் ஓடிவிடுவார். இந்தப் படம் மனதில் இருந்தால், "வலது நடு" என்று மில்லர் சொன்ன மாத்திரத்தில் நமக்கும் படபடக்கும்.

மௌனம் பற்றியும் ஒரு வார்த்தை. வர்ணனை திடீரென்று நின்றுபோனால் இணைப்பு அறுந்துவிட்டது என்று ஃபோனைத் தட்டாதீர்கள். கூட்டத்தின் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், அவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். டாட்ஜர்ஸ் அணிக்கு 1950இல் இருந்து 2016 வரை 67 சீசன் பேசிய வின் ஸ்கல்லிதான் இதில் எல்லோருக்கும் ஆசான். 1974 ஏப்ரல் 8ஆம் தேதி அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தன் 715வது ஹோம் ரனை அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, பந்து சுவரைத் தாண்டியதைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி பேச்சை நிறுத்திக்கொண்டார், மைதானத்தின் ஆரவாரமே பேசட்டும் என்று. அதே ஸ்கல்லி, 1965இல் டாட்ஜர்ஸ் பிட்சர் சேண்டி கூஃபாக்ஸ் எதிரணியில் ஒருவரையும் தளம் ஏறவிடாமல் ஆடி முடித்த இரவில், கடைசி இன்னிங்கில் மணி என்ன என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு ஒலிப்பதிவைக் கேட்பவருக்கு அந்த நேரம் அப்படியே திரும்பி வரட்டும் என்றுதான். 1958இல் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த புதிதில், கொலீசியம் மைதானம் அவ்வளவு பெரிது என்பதால், நேரில் வந்து உட்கார்ந்திருப்பவர்களே டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவந்து அவர் பேச்சைக் கேட்டார்கள். கண்ணெதிரே ஆட்டம் நடக்க, காதால் பார்த்தவர்கள்.

நடுவில் சேருகிறவர்கள் ஸ்கோர் தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. ரெட் பார்பர் என்ற பழைய வர்ணனையாளர் முட்டை வேகவைக்க வைத்திருக்கும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மேசையில் வைத்திருப்பார், மணல் இறங்கும்போதெல்லாம் ஸ்கோர் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார். நல்ல வர்ணனையாளர்களிடம் அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. சில நிமிடம் பொறுத்தால் எத்தனைக்கு எத்தனை, எத்தனையாவது இன்னிங், மேல் பாதியா கீழ்ப் பாதியா எல்லாம் வந்துவிடும். மேல் பாதியில் விருந்தாளி அணி அடிக்கும், கீழ்ப் பாதியில் சொந்த ஊர் அணி.

இதற்கு மேல் போக ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாப்புலர் புத்தகக் கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டே போதும். இடப்பக்கம் ஒன்பது பேர் பெயர், ஆட்டம் தொடங்கும்போது வரிசை சொல்வார்கள், வேகமாகத்தான் சொல்வார்கள், குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் தப்பித்தோம். மேலே ஒன்றிலிருந்து ஒன்பது வரை இன்னிங். தடுப்பவர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் தளம் 3, இரண்டாம் தளம் 4, மூன்றாம் தளம் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. சட்டை எண்ணோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

ஒரு அரை இன்னிங்கை எழுதிப் பார்ப்போம். முதல் ஆள் ஒன்று இரண்டு கவுண்டில் வீசித் தவறவிட்டார், கே என்ற ஆங்கில எழுத்து. வீசாமல் நின்று அவுட் ஆகியிருந்தால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவது வழக்கம். இரண்டாவது ஆள் தரையோடு அடித்தது ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அவர் முதல் தளத்துக்கு எறிந்தார், 6-3. மூன்றாவது ஆள் இடப்பக்கம் சிங்கிள், கட்டத்தின் மூலையில் முதல் தளம் வரை ஒரு கோடு. நான்காவது ஆளுக்கு வாக், அவருக்கும் ஒரு கோடு, முன்னால் நின்றவர் கோட்டை இரண்டாம் தளம் வரை நீட்டுங்கள். ஐந்தாவது ஆள் நடுப்பக்கம் உயர அடித்துப் பிடிபட்டார், 8. மூன்று அவுட், அடியில் ஒரு கோடு போட்டு முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் தளத்திலேயே நின்றுபோனார்கள். "சிக்ஸ் ஃபோர் த்ரீ" என்று வர்ணனையாளர் சொல்லும்போது, ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் தளத்தில் ஒருவரையும் முதல் தளத்தில் இன்னொருவரையும் ஒரே மூச்சில் வீழ்த்திய காட்சி அந்த மூன்று எண்ணிலேயே தெரியத் தொடங்கிவிட்டால், நீங்கள் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங் வந்தால் மட்டும் திகைக்காதீர்கள், யாரும் அடிக்காமலே இரண்டாம் தளத்தில் ஒருவர் நிற்பார், 2020இல் இருந்து வந்த விதி.

பஸ்ஸில் நோட்டு வேலைக்கு ஆகாது. எழுதுவது விடுமுறை நாளில், வீட்டில். நான் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்பா எதிரே வந்து உட்காருவார். அவருக்கு 74 வயது, மலேசியக் கிண்ண ஃபுட்பால் காலத்து வானொலியைக் கேட்டு வளர்ந்தவர், அமெரிக்க இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். "ரெண்டு பேர் அவுட்டுப்பா, ஒருத்தன் ரெண்டாவது தளத்துல நிக்கிறான். இப்ப வர்றவன் நல்லா அடிப்பான்." "இடது கைக்காரனா?" "ஆமாப்பா." "அப்ப சுவர் பக்கம் தூக்குவான்" என்று அவராகவே சொல்வார், அந்த 24 அடிச் சுவரை அவரும் மனதில் கட்டி வைத்திருக்கிறார். இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன்: பக்கத்தில் யாராவது இருந்தால் தமிழில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே எது புரிந்தது எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டைத் தமிழில் வானொலியில் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், நம் மொழியில் ஒரு ஆட்டம் எப்படி ஓடும் என்று. லாஸ் ஏஞ்சலிஸில் ஹைமே ஹரீன் என்பவர் 1959இல் இருந்து 2022 வரை டாட்ஜர்ஸ் ஆட்டத்தை ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தார், ஈக்வடாரில் இருந்து வந்தவர், தன் மக்களுக்குத் தன் மொழியில். நம் வீட்டு மேசைக்கு நாம் சொல்லலாம்.

அந்த மேசையில் ஃபோனை வைத்துக் கேட்பதில்லை. அப்பாவின் பழைய வானொலிப்பெட்டி இருக்கிறது, ஒலி 96.8 வைத்தே முள் தேய்ந்துபோன பெட்டி, பின்னால் துணை ஒலித்துளை இருப்பதால் ஒரு கம்பி போட்டு ஃபோனை இணைத்துவிட்டேன். ஒற்றை ஸ்பீக்கர், கொஞ்சம் கரகரப்பு. மட்டையில் பந்து படும் அந்த 'டக்' சத்தம் விலையுயர்ந்த இயர்ஃபோனை விட அதில்தான் சரியாக விழுகிறது. மரமட்டைச் சத்தத்தை நன்றாகக் கேட்டுப் பழகுங்கள், நடுவில் பட்டதா நுனியில் பட்டதா என்று சத்தமே சொல்லும், வர்ணனையாளர் வாயைத் திறக்குமுன் கூட்டம் எழுகிற ஓசையும் சொல்லும். உங்கள் அணி வெளியூரில் ஆடும்போது மட்டும் கூட்டத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மைதானம் அமைதியாகிவிட்டால் நமக்கு நல்ல செய்தி.

விடிகாலை ஆட்டத்துக்கு வருகிறேன். முடிந்த ஆட்டங்களின் ஒலியையும் அதே செயலியில் பிறகு கேட்கலாம். அங்கே பகலில் ஆடி முடித்ததை நான் என் மாலை நேரத்தில் போட்டுக் கேட்பேன். அதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஸ்கோரை மறைக்கும் தேர்வு அமைப்பில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது, உங்களோடு கேட்பவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒரு தடவை, ஒன்பதாவது இன்னிங்கை இரவு உணவுக்குப் பின் கேட்கலாம் என்று ஆசையோடு விட்டு வைத்திருந்தேன், பஸ்ஸில் ஏறிய உடனே அந்தத் திருச்சித் தம்பி, "அண்ணே, கடைசியில கவுத்துட்டாங்களேண்ணே!" என்றார். அதிலிருந்து நாங்கள் பார்த்ததும் முதலில் கேட்டுக்கொள்வது, "கேட்டாச்சா?" என்பதுதான். காஸ்வே தாண்டி ஜோகூர் போகிற நாளிலும் இந்த வழியே நல்லது, பாலத்தில் சிக்னல் மாறும்போது நேரடி ஒலி அறுந்துபோகும், வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

தூங்கும்போது கேட்பவர்களுக்கு: இரவு வேலை முடித்து வந்து 9.45 ஆட்டத்தைப் போட்டுப் படுத்தால் மூன்றாவது இன்னிங்கில் கண் செருகிவிடும், அதில் தவறே இல்லை, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவதும் இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதிதான். ஆனால் ஃபோனில் நேரக் கணக்கு வைத்து 45 நிமிடத்தில் நிற்கும்படி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அரைத் தூக்கத்தில் முடிவு காதில் விழுந்துவிடும், எழுந்ததும் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. முன்பெல்லாம் ஒரு ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். 2023இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு சராசரி 2 மணி 40 நிமிடம் அளவுக்கு இறங்கிவிட்டது, தளத்தில் ஆள் இல்லாதபோது 15 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். வர்ணனையாளர்களுக்குக் கதை சொல்ல நேரம் குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் மழையால் ஆட்டம் நிற்கும்போது நான் ஒலியை அணைப்பதில்லை. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, இரண்டு பேரும் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், சில நாள் ஆட்டத்தை விட அது நன்றாக இருக்கும். ஜயன்ட்ஸ் ஊரில் கோடையில் மழை அநேகமாகக் கிடையாது, அணி வெளியூர் போகும்போதுதான் அந்தப் பேச்சு கிடைக்கும்.

இந்த வாரம் எனக்கு இரவு வேலை. அணி கிழக்குக் கரையில் ஆடுகிறது, காலை 7.05. திருச்சித் தம்பி சந்தா எடுத்துவிட்டார், நோட்டும் வாங்கிவிட்டார், முதல் பக்கத்தில் ஒன்பது பெயர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறார். பஸ்ஸில் ஏறியதும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டுத் தொடங்க வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறோம், அவர் ஃபோன் சில விநாடி முந்தி ஓடினால் "ஐயோ" என்று அவர் சொல்வது எனக்கு முன்பே கேட்டுவிடும்.